'ரிலக்டன்ட்': பொருளும் பயன்பாடும் – சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் தமிழ் வழியில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கும், ஏற்காட்டில் விருந்தினர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 'ரிலக்டன்ட்' என்ற சொல்லையும் அதன் உறவுக்காரச் சொற்களையும் பற்றி அவர்கள் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ஒரே வரியில் பொருள் சொல்ல முடியுமா?

ஒரு காரியத்தைச் செய்ய மனம் ஒப்பாத நிலை. "போக மனசே வரலைங்க" என்கிறோமே, அதுதான். கூடவே ஒன்றை நினைவில் வையுங்கள்: ரிலக்டன்டாக இருப்பவர் இன்னும் மறுத்துவிடவில்லை. பல நேரம் மனசில்லாமலே அதைச் செய்தும் முடித்துவிடுவார்.

அகராதியில் 'தயக்கமுள்ள' என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

போதாது. பயந்து நிற்பதும் தயக்கம், கூச்சப்படுவதும் தயக்கம், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முழிப்பதும் தயக்கம், பிடிக்காமல் இழுப்பதும் தயக்கம். தமிழில் பேசும்போது எதிரே இருப்பவர் நம் முகத்தையும் குரலையும் வைத்து எது என்று புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது. தவறான சொல்லை எடுத்தால் உங்கள் மனசில் இல்லாத ஒன்றை நீங்களே சொன்னதாக ஆகிவிடும்.

ஏற்காட்டு மலைப்பாதையில் வைத்துப் பார்ப்போம். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். இருட்டிவிட்டது, மேலே மூடுபனி இறங்கியிருக்கிறது, வாடகைக் கார் ஒன்று அடிவாரத்தில் நிற்கிறது.

'தி டிரைவர் வாஸ் ரிலக்டன்ட் டு கோ அப்.' டிரைவருக்கு மேலே போக விருப்பமில்லை. பனி காரணமாக இருக்கலாம், பகல் முழுக்க ஓட்டிய களைப்பாக இருக்கலாம். ஆனால் போனாரா இல்லையா என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டதும் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

'தி டிரைவர் ஹெசிடேட்டட்.' டிரைவர் சற்று நின்றார். அவருக்கு விருப்பமில்லை என்று அர்த்தமில்லை. இந்த வழியா, குப்பனூர், கொட்டச்சேடு சுற்றிப் போகும் வழியா என்று யோசித்திருக்கலாம். ஹெசிடேட் என்பது அந்தச் சில நொடி நிற்பதைச் சொல்கிறது. ரிலக்டன்ட் உள்ளே இருக்கும் விருப்பமின்மையைச் சொல்கிறது.

'தி டிரைவர் வாஸ் அன்வில்லிங் டு கோ அப்.' இப்போது கதவு ஏறக்குறைய சாத்தியாகிவிட்டது. எவ்வளவு கேட்டாலும் அசைய மாட்டார் என்ற தொனி.

'தி டிரைவர் ரெஃப்யூஸ்ட்.' மாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டுக்கும் தமிழில் "டிரைவர் தயங்கினார்" என்றே எழுதுவோம். அதனால்தான் இரண்டும் குழம்புகின்றன. ஆங்கிலத்தில் வாயைத் திறக்குமுன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு விருப்பமில்லையா, அல்லது முடிவு செய்ய முடியவில்லையா? விருப்பமில்லை என்றால் ரிலக்டன்ட். முடிவுக்கு வர முடியவில்லை என்றால் ஹெசிடன்ட்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. 'லுக்டாரி' என்றால் அந்த மொழியில் மல்லுக்கட்டுதல். முன்னால் வரும் 'ரி' இங்கே எதிர்த்து என்ற பொருளைத் தருகிறது. 17ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்குள் வந்தபோது எதிர்த்துப் போராடுவது என்ற பொருளும் அதில் இருந்தது. இன்றைக்கு அந்த மல்லுக்கட்டு மனசுக்குள் மட்டும் நடக்கிறது. 'ஹெசிடேட்' வேறு வேரிலிருந்து வந்தது; அதன் லத்தீன் மூலத்துக்கு ஒட்டிக்கொள்ளுதல், சிக்கி நிற்றல் என்று பொருள். ஒன்று மல்லுக்கட்டு, இன்னொன்று சிக்கி நிற்பது. மேலே சொன்ன வேறுபாடு வேரிலேயே இருக்கிறது.

எப்படி உச்சரிப்பது? எழுத்துக்கூட்டல் அடிக்கடி தப்பாகிறதே?

ரி-லக்-டன்ட். மூன்று அசை, அழுத்தம் நடுவில் உள்ள 'லக்'கில். கடைசி 'டன்ட்' மெலிதாக வந்தால் போதும். எழுதும்போது ஆர், ஈ, எல், யூ, சி, டி, ஏ, என், டி. கடைசியில் 'ஏ'வுக்குப் பதில் 'ஈ' போட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. 'ஹெசிடன்ட்' சொல்லும் அதே போல 'ஏ, என், டி' என்றே முடியும்.

வாக்கியத்தில் எப்படி வைப்பது?

'ரிலக்டன்ட் டு', அதன் பிறகு வினைச்சொல்லின் அடிப்படை வடிவம். 'ஷீ இஸ் ரிலக்டன்ட் டு செல் தி லேண்ட்.' நிலத்தை விற்க அவருக்கு மனசில்லை. 'ரிலக்டன்ட் ஃபார் செல்லிங்', 'ரிலக்டன்ட் இன் செல்லிங்' என்றெல்லாம் எழுத வேண்டாம். 'டு'வுக்குப் பின் 'செல்லிங்' என்று போடுவதும் தவறு.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் வேறு. 'ஐ ரிலக்டன்ட் டு கோ' என்று சொல்லிவிடுகிறார்கள். "எனக்குத் தயக்கம்" என்பது தமிழில் முழு வாக்கியம்; அங்கே வினைச்சொல்லே தேவையில்லை. ஆங்கிலத்தில் 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' இல்லாமல் இந்தச் சொல் நிற்காது. 'ஐ ஆம் ரிலக்டன்ட்', அல்லது 'ஐ ஃபீல் ரிலக்டன்ட்'. 'ஐ ஆம் ஹேவிங் ரிலக்டன்ஸ்' என்று ஒரு வடிவம் நம் ஊர் அலுவலகங்களில் காதில் விழுகிறது. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும். 'எ ரிலக்டன்ட் ஸ்மைல்' என்றால் சிரிக்கக் கூடாது என்று அடக்கியும் அடங்காமல் வந்த சிரிப்பு. எனக்குப் பிடித்த பயன்பாடு இது. மனசு ஒப்பாதவர் மனிதர். ஆனால் அடைமொழி சிரிப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 'ரிலக்டன்ட் அப்ரூவல்' என்றால் மனசில்லாமல் கொடுத்த ஒப்புதல்.

'ரிலக்டன்ட்லி'யை எங்கே போடுவது? 'க்ரட்ஜிங்லி'யும் அதுவும் ஒன்றுதானே?

இடத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 'ஹீ ரிலக்டன்ட்லி அக்ரீட்' என்றும் எழுதலாம், 'ரிலக்டன்ட்லி, ஹீ அக்ரீட்' என்றும் எழுதலாம். இரண்டாவதில் மனமின்மைக்கு அழுத்தம் கூடுதல். 'வித் ரிலக்டன்ஸ்', 'வித் கிரேட் ரிலக்டன்ஸ்' என்பவை கடிதத்துக்கு ஏற்ற வடிவங்கள்.

ஆனால் 'க்ரட்ஜிங்லி' ஒன்றல்ல. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிகர்ச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அம்மாபேட்டையில் ஒரு கைத்தறி நெசவாளர் வீடு. மகன் படிப்பை முடித்துவிட்டான், பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. தகப்பனுக்கு அவனை அனுப்ப மனசில்லை. வீட்டில் ஒற்றைப் பிள்ளை. தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு பேச்சுத்துணைக்கு இருந்தவன் அவன்தான். ஆனாலும் அனுப்பி வைக்கிறார். இதை 'ஹிஸ் ஃபாதர் ரிலக்டன்ட்லி லெட் ஹிம் கோ' என்று எழுதினால் அதில் அந்த மனிதரின் பாசமும் வலியும் இருக்கும். அதே இடத்தில் 'க்ரட்ஜிங்லி' என்று போட்டால் மகனுக்கு நல்லது நடப்பதைப் பொறுக்காமல், முனகிக்கொண்டே அனுப்பினார் என்று ஆகிவிடும். 'க்ரட்ஜ்' என்ற சொல்லில் மனக்கசப்பு இருக்கிறது. அதன் பழைய பிரெஞ்சு மூலத்துக்கே முணுமுணுத்தல் என்று பொருள். நம் தமிழில் 'மனசில்லாமல்' என்பதற்கும் 'வேண்டாவெறுப்பாக' என்பதற்கும் உள்ள தூரம் அது. "வேண்டாவெறுப்புக்குப் பிள்ளை பெத்து காண்டாமிருகம்னு பேரு வச்ச மாதிரி" என்ற பழமொழியில் இருப்பது 'க்ரட்ஜிங்', 'ரிலக்டன்ட்' அல்ல.

நேர்முகத் தேர்வில் சொந்தக் கதை சொல்லும்போது பெற்றோரைப் பற்றி இந்தச் சொல் தவறி வந்துவிட்டால், கேட்பவர் மனசில் உங்கள் அப்பாவின் படம் வேறாகப் பதியும். ஒரு பிள்ளை தன் அப்பாவை அப்படிக் காட்ட நினைத்திருக்கவே மாட்டான்.

'மனசே வரல' என்பதற்கு ஆங்கிலத்தில் வேறு நெருக்கமான வழி உண்டா?

உண்டு. 'ஐ கான்ட் பிரிங் மைசெல்ஃப் டு செல் இட்.' பாட்டியின் வெள்ளிக் கொலுசை விற்க மனசே வரவில்லை என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான ஆங்கிலம் கிடையாது. இது ரிலக்டன்டைவிட ஆழமானது. முயன்றும் முடியவில்லை என்ற பொருள் இதில் இருக்கிறது. அன்றாட அலுப்புக்கு, "இன்னைக்கு வேலைக்குப் போக மனசில்ல" என்பதற்கு, 'ஐ டோன்ட் ஃபீல் லைக் கோயிங் டு வொர்க்' போதும். அங்கே ரிலக்டன்ட் கனமான சொல்.

வியாபார மின்னஞ்சலில் 'வீ ஆர் ரிலக்டன்ட்' என்று வந்தால் இல்லை என்று எடுத்துக்கொள்வதா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரிகளும் கொண்டலாம்பட்டிப் பக்கத்து ஜவுளிக்காரர்களும் கேட்கும் கேள்வி. பணம் சம்பந்தப்பட்டது என்பதால் நிதானமாகப் படியுங்கள்.

'வீ ஆர் ரிலக்டன்ட் டு பிளேஸ் எ லார்ஜ் ஆர்டர் அட் திஸ் ஸ்டேஜ்' என்று வந்திருக்கிறது. இது மறுப்பு அல்ல. இரண்டு இடங்களைக் கவனியுங்கள். 'லார்ஜ்' என்றார்கள், சின்ன ஆர்டருக்கு வழி இருக்கிறது. 'அட் திஸ் ஸ்டேஜ்' என்றார்கள். பிறகு வழி இருக்கிறது. இதற்கு 'ஓகே, தேங்க் யூ' என்று பதில் போட்டு முடித்துக்கொள்வது கையில் வந்த வாய்ப்பை விடுவது. 'வுட் எ ஸ்மால் ட்ரையல் ஆர்டர் பி பெட்டர் ஃபார் யூ?' என்று கேளுங்கள்.

'வீ ஆர் ரிலக்டன்ட் டு பே இன் அட்வான்ஸ் விதவுட் சீயிங் எ சாம்பிள்.' இதில் உயிர்ச்சொல் 'விதவுட்'. அதற்குப் பிறகு வருவதுதான் அவர்களின் நிபந்தனை: சாம்பிள் அனுப்புங்கள், முன்பணம் தருகிறோம். இந்த மாதிரி வாக்கியத்தில் எப்போதும் 'விதவுட்', 'அன்டில்', 'அன்லெஸ்' இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதில்தான் பேரம் இருக்கிறது.

முன்னால் 'வெரி', 'எக்ஸ்ட்ரீம்லி' சேர்ந்திருந்து நிபந்தனை எதுவும் இல்லை என்றால், அது மரியாதையாகச் சொன்ன மறுப்பு. நீங்கள் கடன் கொடுக்க விரும்பாத இடத்திலும் இதே வடிவம் உதவும். 'வீ ஆர் ரிலக்டன்ட் டு எக்ஸ்டெண்ட் ஃபர்தர் கிரெடிட் அன்டில் தி ஏர்லியர் பில்ஸ் ஆர் செட்டில்ட்.' பழைய பாக்கியைத் தீர்த்தால் பார்க்கலாம் என்பதை உறவு கெடாமல் சொல்லிவிடலாம்.

ஏற்காட்டில் தங்கிப் போன விருந்தினர் எழுதும் விமர்சனத்தில் இந்தச் சொல் வருகிறது. பாராட்டா, குறையா?

பின்னால் வரும் வினைச்சொல்தான் தீர்மானிக்கும்.

'ஐ வாஸ் ரிலக்டன்ட் டு லீவ்.' கிளம்ப மனசே வரவில்லை. விருந்தினர் எழுதக்கூடிய பாராட்டுகளில் உயர்ந்தது. நன்றி சொல்லிப் பதில் எழுதுங்கள்.

'ஐ வுட் பி ரிலக்டன்ட் டு ஸ்டே ஹியர் அகெய்ன்.' மறுபடி வந்து தங்க மாட்டேன் என்பதை மெல்லிய குரலில் சொல்கிறார். 'ஐ வுட் ஹெசிடேட் டு ரெகமெண்ட் திஸ் பிளேஸ்' என்பதும் அப்படியே. சற்று யோசிப்பேன் என்று சொற்பொருள் எடுக்கக் கூடாது, பரிந்துரைக்க மாட்டேன் என்பதுதான் பொருள். இந்த மென்மையைப் பார்த்து ஏதோ சின்னக் குறை என்று விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் குறை பெரிதாகும்போது குரல் தணிவது உண்டு. என்ன குறை என்று உடனே கேட்டு எழுதுங்கள்.

சாப்பாடு பரிமாறும்போது 'நோ, தேங்க் யூ' என்கிறார்கள். அது ரிலக்டன்ஸா?

பெரும்பாலும் இல்லை. நம் பழக்கத்தில் "வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்" என்று முதலில் சொல்வது மரியாதை. "அட, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று வற்புறுத்துவது வீட்டுக்காரர் மரியாதை. ஆங்கிலம் பேசி வளர்ந்த விருந்தினர் பலருக்கு 'நோ' என்றால் வேண்டாம்தான். 'ஆர் யூ ஷ்யூர்?' என்று ஒரு முறை கேளுங்கள். அதற்கும் 'நோ' என்றால் கரண்டியைக் கீழே வைத்துவிடலாம். உங்கள் அன்பில் குறை இல்லை, அவர் மனசிலும் குறை இல்லை.

ஆசை இருந்தும் வேண்டாம் என்று பாவனை செய்வதை நாம் 'பிகு பண்றது' என்போம். அதற்கு ஆங்கிலத்தில் 'காய்' (சி, ஓ, ஒய்) என்ற சொல் இருக்கிறது. ரிலக்டன்ட் உண்மையான மனமின்மை, 'காய்' நடிப்பு.

'டோன்ட் ஹெசிடேட்' என்பதற்குப் பதில் 'டோன்ட் பி ரிலக்டன்ட்' எனலாமா?

வேண்டாம். 'ப்ளீஸ் டோன்ட் ஹெசிடேட் டு கால்' என்றால் யோசிக்காமல் கூப்பிடுங்கள் என்ற அழைப்பு. 'டோன்ட் பி ரிலக்டன்ட்' என்றால் உனக்கு மனசில்லை என்று தெரியும், அதை விடு என்று கண்டிப்பதுபோல ஆகிவிடும்.

நேர்முகத் தேர்வில் 'ஆர் யூ வில்லிங் டு ரீலொகேட்?', அதாவது வேறு ஊருக்கு மாறச் சம்மதமா என்று கேட்டால்?

'ஐ ஆம் ரிலக்டன்ட்' என்று மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். உங்கள் நிலைமையை அப்படியே சொல்லுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஓராண்டு சேலத்தில் இருந்தாக வேண்டும் என்றால்: 'ஐ வுட் ப்ரிஃபர் டு ஸ்டே நியர் சேலம் ஃபார் தி ஃபர்ஸ்ட் இயர். ஆஃப்டர் தட், ஐ ஆம் ஓபன் டு மூவிங்.' மனமின்மையைச் சொன்னீர்கள், எல்லையையும் சொன்னீர்கள். போகவே முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

எனக்கு இங்கிலீஷ் பேசத் தயக்கம். இதற்கு எந்தச் சொல்?

மற்ற எல்லாக் கேள்வியையும்விட இது எனக்கு முக்கியம்.

'ஐ ஆம் ரிலக்டன்ட் டு ஸ்பீக் இன் இங்கிலீஷ்' என்றால் பேச விருப்பமில்லை என்று பொருள். கேட்பவர் "இவருக்குக் கற்றுக்கொள்ள ஆர்வமில்லை" என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மை அதற்கு நேர் எதிர். பேச வேண்டும் என்ற ஆசை நெஞ்சு முட்ட இருக்கிறது. தப்பாகிவிடுமோ, சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான் வாயைக் கட்டுகிறது. அதற்குச் சொல் 'ஹெசிடன்ட்'. 'ஐ ஆம் எ லிட்டில் ஹெசிடன்ட், பட் ஐ வான்ட் டு இம்ப்ரூவ்.' கூச்சம்தான் காரணம் என்றால் 'ஷை'. பயம் என்றால் 'நெர்வஸ்'.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாகக் கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் தவறான சொல்லைச் சொல்லித் தங்கள் ஆர்வத்தைத் தாங்களே மறைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் உழைப்புக்கு இது அநியாயம். இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் பரவாயில்லை, இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

'ரெடிசன்ட்' என்பதும் இதே பொருள்தானா?

அது வாய் சம்பந்தப்பட்டது. மனசில் இருப்பதை வெளியே பேசாதவர், அளந்து பேசுபவர் 'ரெடிசன்ட்'. அதன் வேரில் மௌனம் என்ற பொருள் இருக்கிறது. இப்போது ஆங்கிலேயர்களிலேயே சிலர் ரிலக்டன்டுக்குப் பதிலாக இதைப் போடுகிறார்கள். நீங்கள் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

'லோத்' என்று இரண்டு சொல் இருக்கிறதாமே?

இருக்கிறது, எழுதும்போது ஒரு எழுத்துதான் வித்தியாசம். கடைசியில் 'ஈ' இல்லாதது உரிச்சொல். துளியும் மனசில்லாத என்று பொருள். 'ஐ ஆம் லோத் டு கட் தி ஜாக் ட்ரீ.' பலா மரத்தை வெட்ட எனக்கு மனசே இல்லை. ரிலக்டன்டைவிட வலுவானது, கொஞ்சம் பழைய வாடை உள்ளது. இதன் முடிவொலி 'திங்க்' என்ற சொல்லின் முதல் ஒலி. 'ஈ' சேர்ந்தது வினைச்சொல். அருவருக்கும் அளவுக்கு வெறுப்பது. அதன் முடிவொலி 'திஸ்' என்ற சொல்லின் முதல் ஒலி. மரத்தை வெட்ட மனசில்லை என்று எழுதப் போய் மரத்தையே வெறுக்கிறேன் என்று ஆகிவிடக் கூடாது.

'அவர்ஸ்', 'ரிசர்வேஷன்' ஆகியவையும் இந்தக் குடும்பமா?

ஆமாம். 'அவர்ஸ்' என்பதற்குப் பின் 'டு' வரும், அதற்குப் பின் பெயர்ச்சொல். 'ஹீ இஸ் அவர்ஸ் டு ரிஸ்க்.' ஆபத்தான காரியமே அவருக்கு ஆகாது. இது ஒரு நாள் மனநிலை அல்ல, சுபாவம். 'ஐ வுடன்ட் பி அவர்ஸ் டு எ காஃபி' என்று விருந்தினர் சொன்னால் காபியை மறுக்கவில்லை. கொடுத்தால் சந்தோஷமாகக் குடிப்பேன் என்கிறார். ஏற்காட்டுக் காபித் தோட்டத்து நடுவில் இருந்துகொண்டு இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பாவம் அவர்.

'ரிசர்வேஷன்' என்றதும் நமக்கு ரயில் டிக்கெட்டும் இட ஒதுக்கீடும் நினைவுக்கு வரும். 'ஐ ஹாவ் சம் ரிசர்வேஷன்ஸ் அபவுட் திஸ் பிளான்' என்றால் இந்தத் திட்டத்தில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை, சில இடங்கள் நெருடுகின்றன என்று பொருள். பேராசிரியர் தந்த பரிந்துரைக் கடிதத்தில் 'ஐ ரெகமெண்ட் ஹெர் விதவுட் ரிசர்வேஷன்' என்று இருந்தால் எந்த மனத்தடையும் இல்லாமல் பரிந்துரைக்கிறார். அதில் சாதிச் சான்றிதழ் பற்றிய பேச்சு எதுவும் இல்லை.

நம் மரபுத்தொடர்களுக்கு இணையானவை உண்டா?

சில அச்சாகப் பொருந்தும். இரண்டு மனசாக இருப்பது 'இன் டூ மைண்ட்ஸ்'. அரைமனசு 'ஹாஃப்-ஹார்ட்டட்'. மதில்மேல் பூனைக்கு 'சிட்டிங் ஆன் தி ஃபென்ஸ்'. அவர்கள் வேலியில் உட்கார வைக்கிறார்கள், பூனை மட்டும் இல்லை. இழுத்தடிப்பது 'டிராகிங் யுவர் ஃபீட்'. எல்லாம் பேசி முடித்து, கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கினால் 'ஹீ காட் கோல்ட் ஃபீட்'. இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் காலில் சளி பிடித்ததாக நினைத்துவிட வேண்டாம்.

செய்திகளில் 'வேக்சின் ஹெசிடன்சி' என்கிறார்கள். ஏன் ரிலக்டன்ஸ் இல்லை?

தடுப்பூசி கிடைத்தும் போட்டுக்கொள்ளத் தாமதிப்பது முதல் மறுப்பது வரை எல்லாம் அந்தத் தொடரில் அடங்கும். பலருக்கு அது வெறுப்பு அல்ல, சந்தேகம். விளக்கிச் சொன்னால் தீரக்கூடியது. அதனால் 'ஹெசிடன்சி' பொருத்தமான தேர்வு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் உலகச் சுகாதாரத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது. தமிழில் 'தடுப்பூசித் தயக்கம்' என்கிறோம். இங்கே 'தயக்கம்' சரியாக அமைந்திருக்கிறது.

நீதிமன்றச் செய்தியில் வரும் 'ஹாஸ்டைல் விட்னஸ்' ரிலக்டன்ட் சாட்சியா?

இல்லை. சாட்சி சொல்ல மனமில்லாமல் வந்தவர் 'ரிலக்டன்ட் விட்னஸ்'. அவர் உண்மையையே சொல்லலாம். தன்னை அழைத்த தரப்புக்கு எதிராகத் திரும்பிவிட்டவர் 'ஹாஸ்டைல் விட்னஸ்', தமிழில் பிறழ் சாட்சி.

பாலிடெக்னிக் பாடத்தில் 'ரிலக்டன்ஸ்' என்று ஒரு அளவு இருக்கிறது. காந்தத்துக்கும் மனசு உண்டா?

சொல் அதேதான். 1888இல் ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் காந்தச் சுற்றுக்காக இந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டார். மின்சுற்றில் மின்னோட்டத்துக்கு மின்தடை இருப்பதுபோல, காந்தச் சுற்றில் காந்தப் பாயத்துக்கு ரிலக்டன்ஸ். தமிழில் காந்தத் தடை. காந்தப் பாயத்தை உண்டாக்கும் காந்த இயக்கு விசையை அந்தப் பாயத்தால் வகுத்தால் அது கிடைக்கும். அலகு ஆம்பியர்-சுற்று பெர் வெபர். ஒரு வேறுபாட்டைத் தேர்வுக்கு அப்பாலும் நினைவில் வைக்கலாம்: மின்தடை ஆற்றலை வெப்பமாக்கிவிடும், காந்தத் தடை அப்படி ஆக்குவதில்லை.

இரும்பில் காந்தத் தடை குறைவு, காற்றிடைவெளியில் மிக அதிகம். தடை குறைந்த நிலைக்கு வந்து சேரவே இரும்புச் சுழலி திரும்புகிறது. அந்தத் திருப்பத்தை வேலை வாங்குவதுதான் ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார். அதன் சுழலியில் நிரந்தரக் காந்தமும் இல்லை, கம்பிச் சுருளும் இல்லை. வலுவான நிரந்தரக் காந்தம் செய்யத் தேவைப்படும் அரிய மண் தனிமங்களைச் சார்ந்திருக்க வேண்டாம் என்பதால் மின்வாகனத் துறையினர் இதை ஆர்வமாகப் பார்க்கிறார்கள்.

போட்டித் தேர்வில் நிகர்ச்சொல், எதிர்ச்சொல் கேட்டால்?

நிகர்: அன்வில்லிங், டிஸ்இன்க்ளைன்ட், லோத், ஹெசிடன்ட். நான்கு விருப்பங்களில் 'அன்வில்லிங்', 'ஹெசிடன்ட்' இரண்டும் இருந்தால் 'அன்வில்லிங்'கை எடுங்கள். எதிர்: வில்லிங், ஈகர், கீன். மூன்றில் 'வில்லிங்' என்பது சம்மதம் மட்டும். மற்ற இரண்டிலும் ஆர்வமும் சேர்ந்திருக்கிறது.